எஸ்.ஜே. 413: கார்ப்ரேட்டரை மாற்றணும், அதே வகையா, வெபரா?

கல்மேடு:

வணக்கம். வண்டி பழைய சுசுகி எஸ்.ஜே. 413. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கம்பெனியோடு வந்த இரட்டைப் பேரல் கார்ப்ரேட்டர், கையால் இழுக்கும் சோக், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்.

சூடேறிய பிறகு ஐட்லிங் நிற்பதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. சோக்கைக் கால்வாசி இழுத்து வைத்தால் ஓடும். 2,000 ஆர்.பி.எம். தாண்டிவிட்டால் குறையே தெரியாது. செங்குத்தான ஏற்றத்தில் லோ கியரில் மெதுவாக ஏறும்போது மட்டும் கதை நேர்மாறு: பெட்ரோல் வாடை அடிக்கும், கரும்புகை தள்ளும், அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால்தான் திரும்ப எடுக்கும்.

த்ராட்டில் தட்டைத் திருப்பும் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. ரிப்பேர் கிட் போட்டாயிற்று, மாற்றம் இல்லை.

1. அதே வகை கார்ப்ரேட்டரையே தேடிப் போடுவதா, வெபர் 32/36 (வேறு கம்பெனியின் இரட்டைப் பேரல் கார்ப்ரேட்டர்) போடுவதா?
2. இப்போதுள்ளதில் பெட்ரோல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் இருக்கிறது. வெபரில் ஒரே ஒரு நுழைவுக்குழாய்தான். ரிட்டர்னை அடைத்துவிடலாமா?
3. கழற்றி மாட்டுவதில் எங்கே கவனமாக இருக்கணும்?

பழைய ஸ்பானர்:

நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ஐட்லிங்கில் பெட்ரோல் போதவில்லை, அதனால்தான் சோக் இழுத்தால் ஓடுகிறது. ஏற்றத்தில் பெட்ரோல் வழிகிறது. புது கார்ப்ரேட்டர் முதல் கோளாறைத் தீர்க்கும். இரண்டாவது பம்ப் அழுத்தத்தால் வருவதாக இருந்தால், புதுசு போட்டாலும் அதே ஏற்றத்தில் அதே புகைதான். ஆகவே வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் ஐட்லிங். இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கார்ப்ரேட்டரில் இருக்கும் ஃப்யூயல் கட் சோலனாய்டின் வயரைக் கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று சத்தம் வரணும். வராவிட்டால் வயரில் 12 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். ஐட்லிங் பாதைக்குப் போகும் பெட்ரோலை மட்டும்தான் அது அடைக்கிறது. அதனால் அது செத்துப்போனாலும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் வண்டி நடந்துகொள்ளும்: மேல் வேகத்தில் சுத்தம், காலை எடுத்தால் அணையும். ஒரு வயர் கழன்றதற்காக முழு கார்ப்ரேட்டரை மாற்றியவர்கள் ஏராளம்.

சத்தம் வந்தால் அடுத்தது காற்றுக்கசிவு. மேனிஃபோல்டில் (கார்ப்ரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) வேக்கம் கேஜ் மாட்டுங்கள். நல்ல இன்ஜின் கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 இஞ்ச் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். உயரத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 இஞ்ச் குறைத்துக்கொள்ளுங்கள். முள் ஆடாமல் 14, 15-இல் நின்றால் காற்று இழுக்கிறது, இல்லையென்றால் தீப்பொறி டைமிங் பின்தங்கியிருக்கிறது. டைமிங் லைட் வைத்துப் பார்த்து, அது சரியென்றால் கார்ப்ரேட்டர் க்ளீனரை இடம் இடமாகத் துளித்துளியாக அடியுங்கள்: அடித்தட்டு பேக்கிங், மேனிஃபோல்ட் பேக்கிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், கடைசியாக த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனைகள். எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சைலன்சர் பக்கம் தெறிக்கவிடாதீர்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஷாஃப்ட் ஓட்டை என்று உறுதியானால் எந்த ரிப்பேர் கிட்டாலும் தீராது. கிட்டில் பேக்கிங்கும், பெட்ரோல் நுழையும் வழியை மூடும் நீடில் வால்வும், டயஃப்ரமும் வரும். தேய்ந்திருப்பதோ அலுமினிய உடம்பில் இருக்கும் துளை. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் அடிக்கலாம், நன்றாகவே உழைக்கும். ஆனால் புஷ்ஷின் மையம் கொஞ்சம் விலகினாலும் த்ராட்டில் தட்டு ஓரத்தில் உரசிச் சிக்கும். கைதேர்ந்த ஆள் கிடைத்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஏற்றப் பிரச்சினைக்கு: பம்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, கேஜ் மாட்டி அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். கூடவே, சமதளத்தில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஐட்லிங்கில் ஓடும்போது டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். வென்சூரி (தொண்டை ஒடுங்கும் இடம்) நடுவில் இருக்கும் மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டவே கூடாது. சொட்டினால் கார்ப்ரேட்டரின் தொட்டியில் (மிதவை இருக்கும் சிறு அறை) பெட்ரோல் மட்டம் அதிகம்.

கல்மேடு:

நன்றி ஐயா. பார்த்துவிட்டேன். சோலனாய்டு அடிக்கிறது. டைமிங் சரி. வேக்கம் 14-இல் நிற்கிறது. அடித்தட்டிலும் மேனிஃபோல்டிலும் க்ளீனர் அடித்தால் ஒன்றும் இல்லை, ஷாஃப்ட் முனையில் அடித்தால் சத்தம் மாறுகிறது. பம்ப் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. நாசிலில் சொட்டு நிதானமாக விழுகிறது.

பழைய ஸ்பானர்:

அப்படியென்றால் மாற்றிவிடுங்கள். ஷாஃப்ட் ஆடாத அதே வகை கார்ப்ரேட்டர் கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. ஏர் ஃபில்டர், கேபிள், ஹோஸ், எல்லாம் இருந்த இடத்திலேயே பொருந்தும். புகைச் சோதனையிலும் கேள்வி வராது. கிடைக்கிற பழையதெல்லாம் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருந்தால்தான் வெபர்.

32/36 என்பது இரண்டு பேரலின் த்ராட்டில் விட்டம், மி.மீ. கணக்கில். முதல் பேரல் பாதிக்கு மேல் திறந்த பிறகு லிங்க்கேஜ் இரண்டாவதைத் திறக்கும். டி.ஜி.வி. கைச்சோக், டி.ஜி.இ.வி. மின்சோக், டி.ஜி.ஏ.வி. தண்ணீர்ச் சோக். உங்களிடம் சோக் கேபிள் ஏற்கெனவே இருப்பதால் டி.ஜி.வி. எளிது. மின்சோக் வாங்கினால் அதற்கு இக்னிஷன் சாவியோடு வரும் முழு 12 வோல்ட் வேண்டும். காயிலிலிருந்து எடுக்காதீர்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் வோல்டேஜ் குறைந்து, சோக் திறக்காமலே பாதியில் நிற்கும்.

இனி வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும் டேப் ஒட்டி எங்கிருந்து எங்கே என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். போட்டோ மட்டும் போதாது, ஹோஸ்கள் ஒன்றின் பின் ஒன்று மறையும். கார்ப்ரேட்டரைத் தூக்கியதும் முதல் வேலை மேனிஃபோல்ட் வாயில் சுத்தமான துணியை அடைப்பது. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. சுத்தம் செய்த முகத்தில் நேர்விளிம்பு ஒன்றை வைத்து 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, சமன்படுத்தாமல் மாட்டினால் புதுக் கார்ப்ரேட்டரும் காற்று இழுக்கும். பேக்கிங்குக்கு மேல் பேக்கிங் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம், பெட்ரோல் பட்டால் ஊறி உரிந்து உள்ளே போகும்.

கார்ப்ரேட்டருக்கு அடியில் இருக்கும் கறுப்பு பேக்கலைட் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். மேனிஃபோல்ட் சூடு தொட்டிக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். வெபரைப் பொருத்தும் அடாப்டர் தட்டைப் போடும்போது உயரம் கூடுகிறது என்று அதை எடுத்துவிட்டால், சூடாக நிறுத்திய வண்டி பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகாது: தொட்டிப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும்.

வெபருக்கான அடாப்டர் பெரும்பாலும் இரண்டு தட்டாக வரும். கீழ்த்தட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் தலை தட்டின் மேல்முகத்துக்குக் கீழே அமுங்கியிருக்கணும், லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கணும். மேல்தட்டை மாட்டிய பிறகு அவை கண்ணுக்கே தெரியாது. அதிர்வில் ஒன்று கழன்றால் போகிற இடம் சிலிண்டர். அடித்தட்டு நட்டுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்று இறுக்கிய பிறகும் த்ராட்டிலைக் கையால் திறந்து விடுங்கள். தானாகப் பட்டென்று மூடணும். இறுக்க இறுக்கச் சோம்பினால் அடித்தட்டு வளைகிறது.

பானெட் இடிக்குமா என்று பார்க்க, ஏர் ஃபில்டர் மூடி மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண் 15 மி.மீ. கனமாவது இருக்கட்டும், இன்ஜின் மவுண்டில் ஆடும் அல்லவா.

கேபிளை மாட்டியதும் ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, இன்னொருவர் தொண்டைக்குள் பார்க்கணும். இரண்டு தட்டும் செங்குத்தாக நிற்கணும். முதல் பேரல் மட்டும் திறந்து இரண்டாவது அரைகுறையாக இருந்தால் கேபிள் நீளம் தவறு. 'வெபர் போட்டும் பிக்கப் இல்லை' என்ற புலம்பலில் பாதி இதுதான். ரிட்டர்ன் ஸ்ப்ரிங் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள்.

ரிட்டர்ன் லைன் பற்றி: அடைக்க வேண்டாம். ரிட்டர்ன் இருந்தால் பம்ப்பில் பெட்ரோல் தேங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆவியடைப்பு (பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைப்பது) வராது. டி ஒன்று போட்டு, ரிட்டர்ன் பக்கத்தில் 1.5 மி.மீ. துளையுள்ள அடைப்பு வையுங்கள். அதிலேயே அழுத்தமும் குறையும், ரெகுலேட்டர் தேவைப்படாது.

சரிவுப்பாதை:

ஸ்பானர் அண்ணன் சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். ரிட்டர்ன் துளையால் அழுத்தம் குறையும், ஆனா எவ்வளவு குறையும்னு உங்க கையில் இல்லை. வேகத்துக்கு வேகம் மாறும். வெபர் கேட்பது 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ. மலை ஏத்துற வண்டிக்கு 2.5 பக்கம் வெச்சாதான் நிம்மதி. 5 பி.எஸ்.ஐ. பம்ப்புக்கு ரெகுலேட்டர் போட்டே ஆகணும். 1 முதல் 4 பி.எஸ்.ஐ. வரைக்குமான ரெகுலேட்டரா பார்த்து வாங்குங்க, ஊசித்தெளிப்பு (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) இன்ஜினுக்கானது இங்கே உதவாது. வரிசை இப்படி: பம்ப், ஃபில்டர், ரிட்டர்ன் டி, அப்புறம் ரெகுலேட்டர், அப்புறம் கார்ப்ரேட்டர். டி-யை ரெகுலேட்டருக்கு அப்புறம் போட்டா தொட்டிக்கு வர்ற அழுத்தம் ஆடிக்கிட்டே இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஏற்றத்துல வழியறதுக்குக் காரணம் ரெண்டு சேர்ந்தது. தொட்டி பேரலுக்கு முன்பக்கம் இருக்கிற மாதிரி மாட்டியிருந்தா, மூக்கு மேலே தூக்கும்போது பெட்ரோல் மட்டம் நாசிலைவிட உயர்ந்துடும். இழுக்காமலே தானா வழியும். அதே வண்டி இறக்கத்துல எதிர்மாறா காய்ஞ்சு திக்கும். தொட்டி பக்கவாட்டுல வந்தா இதே கூத்து வண்டி சாயும்போது நடக்கும். அதனால அடாப்டர் ரெண்டு விதமா மாட்ட இடம் கொடுத்தா, நீங்க அதிகம் போறது ஏற்றமா, பக்கச் சரிவான்னு யோசிச்சுட்டு மாட்டுங்க.

ரெண்டாவது காரணம் மிதவை. குலுங்குற பாதையில மிதவை நீடில் வால்வை விட்டு எகிறும், அந்த நேரத்துல அழுத்தம் அதிகமா இருந்தா உள்ளே கொட்டும். இதுக்கு ஸ்ப்ரிங் வெச்ச நீடில் வால்வு போடுங்க. துளை 2.00 மி.மீ. இருந்தா 1.50-க்கு மாத்துங்க. கணக்கு எளிது: துளையோட பரப்பு 4-க்கு 2.25, அதாவது பம்ப் நீடிலைத் தள்ளுற விசை கிட்டத்தட்ட பாதியா குறையுது, மிதவை பலம் அப்படியே இருக்கு. 1.3 லிட்டர் இன்ஜினுக்கு 1.50 வழியா வர்ற பெட்ரோல் தாராளம்.

இதையெல்லாம் செஞ்ச பிறகும் வழிஞ்சா மட்டும் மிதவை மட்டத்தை 1.5 மி.மீ. இறக்குங்க. அளக்கும் முறை பித்தளை மிதவைக்கு வேற, பிளாஸ்டிக் மிதவைக்கு வேற. கூட வர்ற தாளைப் பார்த்து அளக்கணும். எல்லாரும் செய்ற தப்பு முதல்லயே மட்டத்தை இறக்கறது. ஏற்றத்துல புகை நிக்கும், ஆனா நெடுஞ்சாலையில முழு மிதியில பெட்ரோல் போதாம திக்கும். அப்புறம் மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவை முடிவு பண்ற துளைத்திருகு) பெரிசாக்கி, அதுக்கு ஏர் ஜெட்டை மாத்தி, வேலை முடியவே முடியாது.

பழைய பித்தளை மிதவையை மறுபடி போடறதா இருந்தா காதுகிட்ட வெச்சு குலுக்குங்க, உள்ளே சலசலன்னா ஓட்டை. சுடுதண்ணியில முக்கினா ஓட்டை இருக்கிற இடத்துல குமிழி வரும்.

பழைய ஸ்பானர்:

சரி, 5 பி.எஸ்.ஐ. என்பதால் ரெகுலேட்டர் போடுவது பத்திரம், ஒப்புக்கொள்கிறேன். ரிட்டர்ன் டி-யும் இருக்கட்டும்.

டியூனிங்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் சுற்றிச்சுற்றி வருவார்கள். டேப்பெட், பிளக், டைமிங் சரியாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள். இன்ஜின் முழுச்சூட்டில், சோக் முழுக்கத் திறந்திருக்கணும்.

ஸ்பீடு ஸ்க்ரூவை (ஐட்லிங்கில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கணும் என்று வைப்பது) லீவரை விட்டு விலகும்வரை வெளியே எடுங்கள். பிறகு லீவரைத் தொடும்வரை உள்ளே விட்டு, அங்கிருந்து ஒரு சுற்று மட்டும் கூட்டுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது) விரல் பலத்தில் மெதுவாக உட்காரவைத்து (அழுத்தினால் ஊசிமுனை நசுங்கும்) 2 சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து, மிக்ஸ்சரை இன்ஜின் தடுமாறும்வரை உள்ளே, பிறகு கால் கால் சுற்றாக வெளியே. வேகம் ஏறி ஒரு இடத்தில் நிலைக்கும். அதற்கு மேல் எடுத்தாலும் ஏறாது. அந்த இடம்தான். பிறகு ஸ்பீடு ஸ்க்ரூவால் 800 முதல் 850 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது இரண்டு ஸ்க்ரூவும் எத்தனை சுற்றில் நிற்கின்றன என்று எண்ணுங்கள். மிக்ஸ்சர் இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே வந்திருந்தால், அல்லது ஸ்பீடு ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உள்ளே போயிருந்தால், ஐடில் ஜெட் சிறிது. 50 இருந்தால் 55, 55 இருந்தால் 60 போடுங்கள். மிக்ஸ்சர் ஒன்றேகால் சுற்றுக்குள்ளேயே நின்றால் ஜெட் பெரிது. எண் என்பது துளையின் விட்டம்தான், 55 என்றால் 0.55 மி.மீ. ஐடில் ஜெட் உடம்பின் பக்கவாட்டில் ஒரு பித்தளைப் பிடியோடு திருகியிருக்கும், மூடியைக் கழற்றாமலே மாற்றலாம்.

ஸ்பீடு ஸ்க்ரூவை ஏன் எண்ணச் சொல்கிறேன் என்றால், அதிகம் உள்ளே போனால் த்ராட்டில் தட்டு மேலே ஏறி, பக்கத்துச் சுவரில் இருக்கும் சிறு துளைகளைத் திறந்துவிடும். பெட்ரோல் அந்த வழியாக வர ஆரம்பித்ததும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எதற்கும் கட்டுப்படாது. 'ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது' என்று வருகிறவர்களுக்கு இதுதான் காரணம். மெயின் ஜெட்டை ஐட்லிங் பிரச்சினைக்காகத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் உறவே இல்லை.

கல்மேடு:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: பழைய கார்ப்ரேட்டரைக் கழற்றினால் ஏழெட்டு வேக்கம் ஹோஸ் மிச்சமாகிறது. வெபரில் அத்தனை முனை இல்லை. எதை எங்கே கொடுப்பது?

சரிவுப்பாதை:

பிரேக் பூஸ்டர் ஹோஸ் நேரா மேனிஃபோல்டுக்குப் போகுது, அதைத் தொடாதீங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடறது) ஹோஸ், த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கிற முனைக்கு. ஐட்லிங்கில் அங்கே விரல் வெச்சா இழுக்கக்கூடாது, ஆக்சிலரேட்டர் கொடுத்தா இழுக்கணும். தட்டுக்குக் கீழே இருக்கிற முனையில கொடுத்தா ஐட்லிங்கிலேயே அட்வான்ஸ் ஏறிடும், டியூனிங் கணக்கெல்லாம் தப்பும்.

பி.சி.வி. வால்வு (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியே இழுக்கிறது) ஹோஸை மேனிஃபோல்ட் முனைக்கோ அடாப்டர் முனைக்கோ கொடுங்க, வால்வோடத்தான். அதை அடைச்சுட்டா இன்ஜினுக்குள்ள அழுத்தம் தேங்கி ஆயில் சீல் கசியும். வால்வு இல்லாம நேரா கொடுத்தா அதுவே பெரிய காற்றுக்கசிவு.

கரி டப்பா (டாங்க்ல வர்ற பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிறது) ஹோஸ் ரெண்டு இருக்கும். டாங்கிலிருந்து வர்றதை அப்படியே விடுங்க. மேனிஃபோல்டுக்கு இழுக்கிறதைத் தட்டுக்கு மேலே இருக்கிற முனையில டி போட்டுச் சேர்க்கலாம். டாங்க் ஹோஸை அடைச்சா வெயில்ல டாங்க்ல அழுத்தம் ஏறும்.

ஈ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பறது) இருந்தா அதைத் துண்டிக்கும் முன்னாடி யோசிங்க. அட்வான்ஸ் அதுக்கேத்த மாதிரி வெச்சிருப்பாங்க, துண்டிச்சா நடுத்தர மிதியில இன்ஜின் தட்ட வாய்ப்பிருக்கு. புகைச் சோதனையும் தவறும்.

மிச்சமெல்லாம் அடைக்கலாம். ரப்பர் மூடி போட்டா மேல ஒரு கிளிப் போடுங்க, இன்ஜின் சூட்டுல வெடிச்சு வாய் பிளந்துடும், திரும்ப ஐட்லிங் நிக்கலைன்னு தேடிக்கிட்டிருப்பீங்க. பித்தளைத் திருகடைப்பான் கிடைச்சா அதுதான் நல்லது. சோலனாய்டு வயரைச் சும்மா தொங்கவிடாம முனையை இன்சுலேட் பண்ணிக் கட்டிடுங்க, அதுல 12 வோல்ட் இருக்கு. சோலனாய்டு இல்லாத வெபர்ல சாவியை ஆஃப் பண்ண பிறகும் ரெண்டு மூணு சுத்து ஓடி நின்னா, ஐட்லிங் வேகம் ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.

பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் இதே சாக்குல புதுசா மாத்துங்க. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் உள்ளே உதிரும், அந்தத் தூள்தான் புது ஐடில் ஜெட்டை முதல்ல அடைக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஹோஸை கார்ப்ரேட்டர்ல மாட்டாம ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு, காயில் வயரைக் கழற்றிட்டு சில வினாடி செல்ஃப் அடிச்சு லைனைக் கழுவிடுங்க. தொண்டையில பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணாதீங்க, எதிர்த்து அடிச்சா முகத்துக்கு வரும்.